நாலாவது ஆள்

கார்த்திகை பிறந்து ஒன்பது நாளாக ஆதனக்கோட்டைப் பக்கம் வெயில் தலைகாட்டவில்லை. தஞ்சாவூர் ரோட்டோரத்து முந்திரிக் கொட்டகைகளில் நனைந்த சவுக்கு விறகு புகைந்ததே தவிரப் பிடித்து எரியவில்லை. அமிர்தவல்லி தகரத் தட்டில் கொட்டையைப் பரப்பி நீளக் கம்பால் கிண்டிக்கொண்டே இருப்பாள். ஓட்டிலிருந்து எண்ணெய் கசிந்து திடீரென்று குப்பென நெருப்புப் பிடிக்கும். அந்த நேரம் பார்த்துத் தட்டைக் கவிழ்த்து மேலே மண்ணை அள்ளிப் போட வேண்டும். கொஞ்சம் முந்தினால் ஓடு உடையாது, பிந்தினால் பருப்பு கருகிவிடும். ஆறியபின் உட்கார்ந்து கட்டையால் ஒவ்வொன்றாகத் தட்டி உடைக்க வேண்டும். ஓட்டுப்பால் பட்டுப் பட்டு அவள் விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து, மறுபடியும் கறுத்துக் கிடந்தன. ரேஷன் கடை மிஷினில் அவள் ரேகை விழுவதில்லை. மாசாமாசம் மகள் ஹரிணிதான் போய் விரல் வைத்துவிட்டு வருவாள்.

அன்றைக்கு மூன்று மணிக்கே மழை இறங்கிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். நெல் மூட்டை போடும் உள்ளறையில் அவள் புருஷன் ஆத்மநாதன் ஸ்டூல் மேல் நின்று, சுவரில் இருந்த காற்றுத் துளைகளைப் பாலித்தீன் தாள் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா. அந்த டேப்பு முனையப் பிடிச்சுக்க. விட்டுராத."

"கையெல்லாம் கரிங்க."

"இருக்கட்டும். கரி ஒண்ணும் செய்யாது. இதுக்குள்ள வரக்கூடாதது வேற."

ஆத்மநாதன் இருபத்திரண்டு வருஷம் குவைத்தில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்தவர். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ரெண்டு மாச லீவில் வருவார். போன ஆனி மாசம் கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை மூண்டபோது, அங்கே இருக்கிற அணு உலையில் குண்டு விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் இவர்கள் கேம்ப் வரைக்கும் வந்தது. கம்பெனியில் எல்லோரையும் கூட்டி வைத்து, கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு எப்படி இருக்க வேண்டும், பைக்குள் என்னென்ன வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஆவணியில் அமிர்தவல்லியின் அம்மா இறந்ததற்கு ஊருக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. பெட்டியில் அந்த லிஸ்டை மட்டும் கொண்டுவந்திருந்தார். அதைத் தமிழில் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சேர்க்க ஆரம்பித்தார்.

டீக்கடையில் கேலி பேசினார்கள். "ஆத்மநாதா, குண்டு எத்தன மணி பஸ்ஸுல வருது? சொன்னா நாங்களும் ஸ்டாப்புல நிப்போம்ல."

அவர் கோபப்பட மாட்டார். "வடக்க கல்பாக்கம், தெக்க கூடங்குளம். நம்ம நடுவுல இருக்கோம். ஒண்ணும் ஆகாதுன்னே வச்சிக்குவம். ஆனா என்ன செய்யணும்னு தெரிஞ்சிருக்கணும்ல" என்று டீயை ஆற்றிக் குடித்துவிட்டு வந்துவிடுவார்.

அமிர்தவல்லிக்கு அந்தப் பயம் ஒட்டவில்லை. கூடங்குளம் எந்தத் திசை என்றே அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் அந்த வேலை பிடித்திருந்தது. கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷம். வீடு கட்டியது, கிணறு வெட்டியது, ஹரிணியைக் காலேஜில் சேர்த்தது எல்லாமே அவர் அங்கிருந்து போனில் சொல்ல, இவள் இங்கே செய்தது. இந்தப் பைதான் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிற முதல் காரியம். கொட்டகையில் கொட்டை உடைக்கும்போதுகூட, இன்றைக்குப் போய் என்ன வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

"சாப்பாட்டுக்கு என்ன எழுதியிருக்கு?" என்றாள்.

"பிஸ்கட்டு, டின்னுல அடைச்ச மீனு, பழம். அடுப்புப் பத்த வைக்காமத் திங்கிற மாதிரி."

"டின்னு மீன யாரு திம்பா? கட்டுமாவடி கருவாடு இருக்கு, வறுத்து வைக்கவா?"

"மூடுன ரூமுல நாலு நாளு கருவாட்டோட இருக்க முடியுமா? குண்டே தேவலன்னு கதவத் தொறந்துக்கிட்டு ஓடிருவோம்."

அவள் சிரித்துவிட்டாள். "அப்ப பொரிவிளங்கா உருண்ட பிடிக்கிறேன். ஒரு மாசம் ஆனாலும் கெடாது. அவலு, வெல்லம், வேர்க்கடல. முந்திரி நான் பொறுக்கி எடுத்தாறேன்."

"ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணி. கேன் கழுவி வெயில்ல..." என்று வெளியே எட்டிப் பார்த்தார். "வெயிலு எங்க இருக்கு. துணிய வச்சுத் தொடச்சு எடு."

இப்படி ஒரு வாரம் போனது. டார்ச், ரேடியோ, மூக்கு மூடி, ஒரு செட் மாற்றுத் துணி, பத்திரங்களின் ஜெராக்ஸ். எல்லாம் நீலக் கலர் டிராவல் பையில் ஏறின. துண்டும் போர்வையும் நாலு நாலாக இருந்ததை அமிர்தவல்லி பார்த்தாள். வீட்டில் மூன்று பேர். ஒன்று உபரியாக இருக்கட்டும் என்று வைத்திருப்பார் என நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை அவர் பேட்டரி வாங்கக் கந்தர்வகோட்டை போயிருந்தார். அவள் உருண்டைகளைப் பிடித்து ஒரு தூக்கில் அடுக்கி, பைக்குள் வைப்பதற்காக ஜிப்பைத் திறந்தாள். இடமில்லை. துணிகளை எடுத்து வெளியே வைத்தபோது, அடியில் மருந்துக்கடைக் காகிதப் பை ஒன்று கையில் பட்டது. பிரித்துப் பார்த்தாள். வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்ப் ஒன்று, அதற்கு ரெண்டு மருந்துக் குப்பி.

ஹரிணி கட்டிலில் படுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். "இது என்னடி?"

"வீசிங்குக்கு அடிக்கிறதும்மா. யாருக்கு?"

"தெரியல. அப்பா வச்சிருக்காரு."

"லிஸ்டுல மருந்துன்னு இருக்கும். பொதுவா வாங்கியிருப்பாரு."

அமிர்தவல்லி நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்தில் மேலே, அவருடைய குண்டுக் கையெழுத்தில், 'ஆட்கள்: நான், அமிர்தம், ஹரிணி, ம.' என்று இருந்தது. அந்த ஒற்றை எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி.

அவளுக்கு யாரென்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கீழத்தெருவில் இருக்கும் பால்வாடி டீச்சர் மணிமேகலை, கோயிலில் சாம்பிராணி போட்டால் கைப்பையிலிருந்து இதே மாதிரி ஒன்றை எடுத்து, திரும்பி நின்று வாயில் வைத்து உறிஞ்சுவாள். மணிமேகலை ஆத்மநாதனின் அத்தை மகள். அவருக்கென்று பேசி வைத்திருந்த பெண். திருவிழாவில் மண்டகப்படி முதலில் யாருக்கு என்று ரெண்டு அப்பன்மாருக்கும் சண்டை வந்து, அந்தப் பேச்சு முறிந்துபோனது. அவளை உள்ளூரிலேயே வேறு இடத்தில் கொடுத்தார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் பைக் விபத்தில் செத்துப்போனான். மகன் திருப்பூரில் இருக்கிறான்.

இதெல்லாம் அமிர்தவல்லிக்குக் கல்யாணத்தன்றே தெரியும். தெரிந்ததால் இருபத்து நான்கு வருஷமும் கண்ணை வைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு தப்பும் கிடைத்ததில்லை. லீவில் வரும்போது சொந்தக்காரர்களுக்கெல்லாம் சோப்பும் தைலமும் கொண்டுவருவார். மணிமேகலைக்கும் அதே சோப்பு, அதே தைலம். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பவளே அமிர்தவல்லிதான். ஒரு தடவை பையைப் பிரித்து, அந்தச் சோப்பு மட்டும் பெரிசாக இருக்கிறதா என்று மற்றதோடு சேர்த்து வைத்தே பார்த்திருக்கிறாள். ஒரே அளவுதான்.

காகிதப் பையை இருந்த இடத்திலேயே வைத்து, துணியை மடித்து, ஜிப்பை மூடினாள். தூக்கு வெளியிலேயே நின்றது.

மறுநாள் கொட்டகையில் அவள் கண் முன்னால் அந்த உள்ளறைதான் இருந்தது. ஜன்னலெல்லாம் ஒட்டியாயிற்று. ஃபேன் போடக்கூடாது. நாலு நாள். ஒரே அறை. அவர் எழுந்து அந்தப் பொம்பளைக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். அவளுக்கு இளைக்கும். பம்பை எடுத்து நீட்டுவார். தான் அதைச் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெளியே போகவும் முடியாது, போனால் சாவு.

"ஏத்தா, எரியுது பாரு" என்று பக்கத்து அடுப்புப் பொற்கொடி கத்தினாள்.

தட்டு முழுக்கச் சுவாலை. அவசரத்தில் கவிழ்த்தபோது எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் பட்டது. பொற்கொடி சாம்பலை அள்ளி அப்பினாள். "ஒரு தட்டுப் பருப்பும் போச்சு. எங்க இருக்கு ஒன் நெனப்பு? புருஷன் ஊரோட வந்துட்டாரு, பக்கத்துலயே இருக்காரு. இன்னும் என்ன கொற ஒனக்கு?"

"ஒரு கொறையும் இல்ல" என்றாள் அமிர்தவல்லி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டுவிட்டாள். ஹரிணி இன்னும் காலேஜிலிருந்து வரவில்லை. மழை தளத்தில் விழுகிற சத்தம் சீராக இருந்தது. அவர் ரேடியோவில் பேட்டரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் புளியைக் கொட்டை நீக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அந்த ரூமுல நாலு பேரு படுக்க எடம் இருக்காங்க?"

"நெருக்கிப் படுத்தா இருக்கும்."

"நாலாவது யாரு?"

ஆத்மநாதனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொல்லியிருந்தால் தேவலை என்று அவள் பிறகு நினைத்தாள்.

"மணிமேகல."

"எதுக்கு?"

"அதுக்கு வேற யாரு இருக்கா. மகன் திருப்பூருல. தனியாக் கெடக்கு. வீசிங் வேற."

"இந்த ஊருல வீசிங்கு உள்ளவங்க பத்துப் பேரு இருக்காங்க. முந்திரிப் பொகையில எனக்கே ரெண்டு நாளா நெஞ்சு கரகரங்குது. எல்லாத்துக்குமா மருந்து வாங்கி வச்சிருக்கீங்க?"

அவர் ரேடியோவைக் கீழே வைத்தார்.

"அங்க ஒரு நாள் மத்தியானம் அபாயச் சங்கு ஊதிட்டான். எங்கள எல்லாம் கட்டடத்துக்கு அடியில கார் நிறுத்துற எடத்துல உக்கார வச்சாங்க. அம்பது பேரு. ஒருத்தன் சத்தம் இல்ல. ஒரு தாளக் குடுத்து, ஏதாவது ஆச்சுன்னா ஊருல யார் யாருக்குத் தகவல் சொல்லணும், பேரு எழுதுங்கன்னான். நாலு கோடு போட்டிருந்துச்சு. ஒன் பேரு எழுதுனேன். ஹரிணி எழுதுனேன். எங்க சித்தப்பா எழுதுனேன். ஒரு கோடு மிச்சம் இருந்துச்சு."

"எழுதிட்டீங்க."

"கை எழுதிருச்சு அமிர்தம்."

"அந்தப் பேர அடிச்சீங்களா?"

"இல்ல."

புளி அவள் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. முறத்தின் ஓரத்தில் வழித்தாள்.

"எங்கம்மா அப்ப உசுரோட இருந்துச்சு" என்றாள். "நீங்க இல்லாத வீட்டுல எனக்குத் தொணையா இருந்துச்சு. ஒங்க பிள்ளையக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, காச்சல் வந்தாத் தோள்ல போட்டுக்கிட்டுப் புதுக்கோட்டைக்கு ஓடுச்சு. ஒரு கோடு மிச்சம் இருந்தப்ப அந்தப் பேரு கையில வரலையா?"

அவர் பேட்டரி மூடியை எடுத்து ரேடியோவில் பொருத்தப் பார்த்தார். அவள் விடவில்லை.

"வரலையா?"

"வரல. தப்புத்தான்."

"அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா, ரூமு தயாரா இருக்குன்னு?"

"அதுக்கு ஒண்ணும் தெரியாது. ஊருக்கு வந்து ரெண்டு தடவதான் பேசுனேன். ரெண்டும் ஒன் முன்னாடிதான்."

அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். ஏதாவது செய்திருந்தால் தெருவில் இறங்கிச் சண்டை போடலாம், கட்டின புடவையோடு அண்ணன் வீட்டுக்குப் போகலாம். ஒன்றும் செய்யாத மனுஷனை என்ன செய்வது? கார் நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்து, சாகப் போகிறோம் என்று நினைத்த நேரத்தில் ஒரு பேர் வந்திருக்கிறது. அந்தப் பேரை எங்கே போய்ப் பிடித்து உலுக்குவது?

அன்று ராத்திரிச் சாப்பாட்டை வழக்கம்போலப் போட்டாள். மறுநாள் காலையில் ஹரிணியின் பழைய ஸ்கூல் பையைப் பரணிலிருந்து எடுத்து அலசிப் போட்டாள். நோட்டைப் பார்த்துப் பார்த்து, இன்னொரு பை தயார் செய்தாள். டார்ச் புதிதாக வாங்கினாள். மூக்கு மூடி, துண்டு, போர்வை, டேப், பெரிய பாலித்தீன் தாள். மறுபடி பயறு வறுத்து அரைத்து, வெல்லப்பாகு காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டில் உருண்டை பிடித்தாள். தங்களுக்காகப் பிடித்த உருண்டையைவிட இது நன்றாக வந்திருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது. நீலப் பையிலிருந்த காகிதப் பையை எடுத்து இதற்குள் வைத்தாள். ஒரு சாமான் குறையக்கூடாது. இது இல்லை அது இல்லை என்று அந்தப் பொம்பளை இந்த வீட்டுப் படியேற ஒரு முகாந்தரமும் இருக்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. சைக்கிள் கேரியரில் ரெண்டு தண்ணீர்க் கேனைக் கட்டி, ஹேண்டில்பாரில் பையை மாட்டினாள். ஆத்மநாதன் வாசலில் நின்றார்.

"எங்க எடுத்துட்டுப் போற?"

"நாலாவது ஆளுக்கு."

அவர் சைக்கிளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டார்.

மணிமேகலை வீட்டு வாசலில் பால்வாடிக் குழந்தைகளின் சின்னப் பாய்களை வேலியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்குகிற வயது. முடி பாதி நரைத்து, கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிந்தது. அமிர்தவல்லி அதையும் கவனித்தாள்.

"வா அமிர்தம். என்ன இது, தண்ணி எல்லாம்?"

"ஒங்களுக்குத்தான் அக்கா." புருஷனின் அத்தை மகளை அவள் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள். முறை அது. "எங்க வீட்டுக்காரரு பை தயார் பண்றது ஊருக்கே தெரியுமே. அதுல ஒங்களையும் சேத்து எழுதியிருக்காரு. எங்க ரூமுல ஒங்களையும் வச்சுப் பூட்டிக்கிறதா நெனப்பு. எதுக்கு ஒங்களுக்குச் செரமம்? ஒங்க வீட்டுலயே இருந்துக்கலாம். எல்லாம் கொண்டாந்துட்டேன்."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மணிமேகலை பையை வாங்கி உள்ளே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியாகப் பம்பைப் பார்த்தாள். அதைத் திரும்பக் காகிதத்தில் சுற்றி வைத்தாள்.

"அத்தானுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் மெதுவாக. "உள்ள வா. எங்க பூட்டிக்கிறதுன்னு நீயே பாத்துச் சொல்லு."

ரெண்டு அறையுள்ள நாட்டு ஓட்டு வீடு. அமிர்தவல்லி அண்ணாந்து பார்த்தாள். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே வெளிச்சம் ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. சுவருக்கும் கூரைக்கும் இடையில் ஒரு ஜாண் திறந்து கிடந்தது. தரையில் மூன்று இடத்தில் ஒழுகலுக்குப் பாத்திரம் வைத்திருந்தாள். உள் அறைக்குக் கதவு இல்லை, சேலைதான் தொங்கியது.

"ஒட்டிப் பாப்போம்" என்றாள் அமிர்தவல்லி, பிடிவாதமாக.

சேர் மேல் ஏறி நின்று பாலித்தீன் தாளை விட்டத்தோடு சேர்த்து ஒட்டினாள். மணிமேகலை கீழே நின்று டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள். ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் ஈரத்தில் விட்டுக்கொண்டது. பல வருஷத்துத் தூசியும் பல்லி முட்டையும் தலையில் கொட்டின. அரை மணி ஆகியிருக்கும். பின்னால் டேப் கிழிக்கிற சத்தம் நின்றுபோனது. திரும்பினால், மணிமேகலை சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். நெஞ்சுக்குள் நாயனம் ஊதுகிற மாதிரி சத்தம்.

அமிர்தவல்லி இறங்கி ஓடி, அவளைத் தாங்கி வாசலுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். மணிமேகலை தன் கைப்பையைக் காட்டினாள். அதிலிருந்ததை எடுத்துக் கொடுத்ததும் ரெண்டு தடவை உறிஞ்சினாள். அமிர்தவல்லி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஜாக்கெட்டுக்கு மேலே முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது. மூச்சு திரும்ப வெகு நேரம் ஆனது.

"நீங்க அவரக் கட்டிக்கணும்னு ஆசப்பட்டீங்களா அக்கா?" என்று கேட்டாள். இத்தனை வருஷமாகக் கேட்காதது, முதுகைத் தடவுகிறபோது சாதாரணமாக வந்துவிட்டது.

"ஆசப்பட்டேன்." மணிமேகலை மறைக்கவில்லை. "பதினெட்டு வயசுல. ஒரு வருஷம் அழுதேன். அப்பறம் எங்க வீட்டுக்காரரு வந்தாரு, பையன் பொறந்தான், அதெல்லாம் மறந்துபோச்சு."

"இப்ப?"

"இப்ப எனக்கு மூச்சு வந்தாப் போதும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. என்னைய ஒருத்தங்க கணக்குல வச்சிருக்காங்கன்னு கேட்டப்ப, ஒரு நிமிசம் சந்தோசமாத்தான் இருந்துச்சு. எம்மகன் போன் பண்ணியே இருபது நாளாச்சு."

அமிர்தவல்லிக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. உள்ளே அவள் ஒட்டியிருந்த தாள் ஒரு பக்கமாகக் கழன்று தொங்குவது வாசலிலிருந்தே தெரிந்தது. இந்த வீட்டில் எதையும் அடைக்க முடியாது. அது அவளுக்குச் சேர் மேல் ஏறியபோதே தெரிந்துவிட்டது.

"டேப்பு பத்தாது இந்த வீட்டுக்கு" என்றாள். "எதாவதுன்னா அங்க வந்துருங்க."

"வேணாம் அமிர்தம். ஒனக்கு மனசு சங்கடம்."

"சங்கடம்தான். இல்லேன்னு சொல்லல." "வந்தீங்கன்னா எனக்கு இங்கிட்டுப் படுத்துக்கணும். அங்கிட்டு அவரு. நடுவுல நான்தான். தண்ணி வேணும்னா, மருந்து வேணும்னா, என்னையக் கேக்கணும். அவரக் கேக்கக்கூடாது."

மணிமேகலை அவளையே பார்த்தாள். சிரிப்பு வந்தது, இருமலும் கூடவே வந்தது. "சரி. ஒன்னையே கேக்குறேன்."

அமிர்தவல்லி காலிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது நண்பகல் ஆகியிருந்தது. ஆத்மநாதன் அடிபம்பில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். அவள் வருவதைப் பார்த்து எழுந்து நின்றார். கையெல்லாம் சோப்பு நுரை.

"அவங்க வருவாங்க" என்றாள். "அந்த வீடு ஆகாது. நான்தான் வரச் சொல்லியிருக்கேன். நீங்க போயி ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"சரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒன்று வந்து போனது. நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்து, தோள் ரெண்டும் இறங்கி, பல நாளாகச் சுமந்த மூட்டையை இறக்கி வைத்த மாதிரி. உடனே குனிந்து பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.

அதை அவள் பார்த்துவிட்டாள். சைக்கிளை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றாள். தனக்காக அந்த முகத்தில் எப்போதாவது அப்படி வந்திருக்குமா என்று வருஷம் வருஷமாகப் பின்னோக்கி யோசித்துப் பார்த்தாள். வந்திருக்கும். ஹரிணி பிறந்து தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருப்பதாகத் தகவல் போனபோது வந்திருக்கும். தனக்கு டைபாய்டு காய்ச்சல் இறங்கிவிட்டது என்று போனில் சொன்னபோது வந்திருக்கும். அப்போதெல்லாம் அந்த முகம் கடலுக்கு அப்பால் இருந்தது. யாரோ கேம்ப்காரர்கள்தான் அதைப் பார்த்திருப்பார்கள்.